மஞ்சள் கோட்டின் பாதி

வேனில் விடைபெற்றுக் கூதிர் புகும் நாள்களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் நிலத்தின்மேல் ஒரு கனத்த அமைதி வந்து கவியும். மக்காச்சோளக் கொல்லைகள் பசுமை முற்றும் இழந்து, எலும்பின் நிறம் பூண்டு, காற்று வீசும்போதெல்லாம் தாளோடு தாள் உரசித் தம்முள் முணுமுணுக்கும். ஏரிகளின்மேல் விடியலில் எழுந்த பனிமூட்டம் முற்பகல் வரையில் கலையாது. பெருவாத்துக் கூட்டங்கள் கலப்பையின் கொழுமுனை போல் வானை உழுதுகொண்டு தெற்கே செல்லும். அவை கூவும் ஒலி, அவை கண்ணுக்கு மறைந்த பின்னும் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருக்கும். தன்னிடம் இருந்ததையெல்லாம் இரவலர்க்கு ஒரே நாளில் ஈந்துவிட்டு வெறுங்கையோடு முற்றத்தில் நிற்கும் வள்ளலைப் போல் மேப்பிள் மரங்கள் நிற்கும். அவற்றின் அடியில் செம்பொன் குவிந்து கிடக்கும். அள்ளுவார் இல்லை.

அந்த ஆண்டு அந்த அமைதியை டெல்மர் க்ரோலால் தாங்க முடியவில்லை.

டெல்மர் பால் நிலையங்களுக்கு எஃகுத் தொட்டி பற்றவைப்பவன். ஐம்பத்தாறு வயது, மனைவி இல்லை, மக்கள் இல்லை. அவனுக்கு இருந்தது ஒரு தோழனும் ஒரு வண்டியும். தோழன் வெர்லின் ஆமொட், நூற்றிருபது பசுக்கள் வைத்திருந்தவன். பள்ளியில் ஒரே வாங்கில் அமர்ந்த நாள்முதல் பழக்கம். வண்டி, அவ்விருவரும் நான்கு குளிர்காலம் உழைத்துத் தம் கையாலேயே கட்டியது.

அது தெருவில் ஓடப் பிறந்த வண்டி அன்று. கடையில் வாங்கிய காரைத் திருத்திப் பந்தயத்துக்கு ஆக்கியதும் அன்று. எஃகுக் குழாய்களை எலும்பாக இணைத்து, மோட்டார் சைக்கிளின் எஞ்சினை முதுகில் ஏற்றி, மெல்லிய நாரிழைத் தோலைப் போர்த்தி, பந்தயம் ஒன்றுக்காகவே உருவாக்கியது. கூரை கிடையாது. ஓட்டுகிறவன் ஏறத்தாழப் படுத்தவாறே அதனுள் இறங்க வேண்டும். அவன் முதுகுக்கும் தரைக்கும் இடையே நான்கு விரற்கடைதான். இவ்வகை வண்டிகளைப் பந்தயக் கழகத்தார் 'புரோட்டோடைப்' என்பர். அவற்றை ஓட்டுவோர் பரிசுப் பணத்துக்கு ஓட்டுவதில்லை, ஏனெனில் அப்படி ஒன்று இல்லை. உழவர், ஆசிரியர், பல் மருத்துவர் எனப் பலரும் வார இறுதியில் ஸ்டோன் க்ரீக் குன்றுகளிடையே வளைந்து கிடக்கும் இரண்டு மைல் பாதையில் கூடி, ஒருவரையொருவர் முந்தி, மாலையில் ஒன்றாக அமர்ந்து பொரித்த மீன் உண்டு வீடு திரும்புவர்.

வெர்லின் ஓட்டுவான். டெல்மர் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்குவான். இதில் அவர்களுக்கு ஒரு நெறி இருந்தது. குறித்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என ஒலிக்கும் நீண்ட ஸ்பேனரால் முறுக்கிய பின், போல்ட்டின் நுனியையும் நட்டையும் சேர்த்து டெல்மர் ஒரு மஞ்சள் கோடு இழுப்பான். நட் தளர்ந்தால் கோடு பிசகும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கோடு விழுந்த போல்ட்டை வேறொரு கை தொடலாகாது. பந்தயத்துக்கு முன் வெர்லின் வண்டியை ஒருமுறை வலம் வருவான். மஞ்சளைக் கண்டால் கடந்து போவான். அந்த மஞ்சளை நம்பித்தான் பதினெட்டு ஆண்டுகளாகத் தன் உயிரை அந்த நான்கு விரற்கடை உயரத்தில் கிடத்தி வந்தான்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, பருவத்தின் இறுதிப் பந்தயம். வெர்லின் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு வலப்பக்கம், சக்கரத்துக்குச் சக்கரமாக, ரெனாட்டா ஃப்ளூகர். மாடு குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவள், நாற்பத்தெட்டு வயது. தன் வண்டியைத் தனியாளாக ஆறு குளிர்காலம் பாடுபட்டுக் கட்டியவள். இருவரும் பள்ளத்தில் இறங்கும் இடது வளைவுக்குள் ஒருசேரப் புகுந்தனர். சக்கரமும் சக்கரமும் உரசின. கொடி பிடித்து நின்றவர்கள் கண்டது ஒரு புழுதிப் படலம் மட்டுமே. அது அடங்கியபோது ரெனாட்டாவின் வண்டி புல்லில் சுழன்று நின்றிருந்தது. அவளுக்குக் கீறல்கூட இல்லை. வெர்லினின் வண்டி மண்கரையில் மோதி இரண்டாகக் கிடந்தது. அவன் இடது கால் மூன்று இடங்களில் முறிந்திருந்தது.

கழகத்தின் விதிப்படி வண்டிகள் மோதிக்கொண்டால் இரு ஓட்டுநரும் நடந்ததை எழுதித் தர வேண்டும். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த வெர்லின், அவள் என்மேல் வந்து ஏறினாள் என்று சொல்லிக் கையெழுத்திட்டான். ரெனாட்டா எழுதியது வேறு விதம். வளைவுக்கு முன் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரை ஒரு கணம் குனிந்து பார்த்ததாகவும், அந்தக் கணத்தில் தன் கை அசைந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்லத் தனக்கு இயலவில்லை என்றும், ஆகவே பிழை தன்னுடையதாகவே இருக்கும் என்றும் எழுதினாள். மறுவாரம் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் அவளுடைய வண்டி விற்பனைக்கு என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது.

டெல்மர் சிதைந்த வண்டியைத் தன் கொட்டகைக்கு இழுத்து வந்து தார்ப்பாய் போட்டு மூடினான். பல நாள் அதன் பக்கமே போகவில்லை. விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கையில் ஒரு வியாழன் மாலை பாயை நீக்கி, அடித்தகட்டைக் கழற்றிக் கவிழ்த்தான். சரளையும் புல்லும் கொட்டின. கூடவே ஒரு போல்ட் விழுந்து உருண்டது.

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். அது இடது பின்சக்கரத்தை நேராக நிறுத்தும் தண்டின் போல்ட். வளைந்திருக்கவில்லை. மரை சிதையவில்லை. அது நுழைந்திருந்த துளைகளைப் போய்ப் பார்த்தான்; வட்டம் குலையாமல், கிழியாமல் இருந்தன. மோதலில் முறிந்த போல்ட் அப்படி இராது. இது மோதலுக்கு முன்பே கழன்று விழுந்த போல்ட். அதன் நுனியில் மஞ்சள் கோட்டின் பாதி இருந்தது. மறுபாதியைச் சுமந்த நட், ஸ்டோன் க்ரீக்கின் புல்லுக்குள் எங்கோ கிடந்தது.

கோடு தன் கோடு. அதில் ஐயம் இல்லை. முறுக்கியது நினைவில் உண்டா என்று அவன் தன்னைத்தானே கேட்டான்.

அந்த ஞாயிறு காலை அவனுக்குத் துளித்துளியாகத் திரும்பி வந்தது. முந்தின நாள் ஓட்டத்துக்குப் பின் சக்கரத்தின் கோணத்தைத் திருத்துவதற்காக அந்தத் தண்டைக் கழற்றியிருந்தான். காலையில் புது நட் எடுத்து, விரலால் இரண்டு சுற்று ஏற்றி, ஸ்பேனரை எடுத்தான். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. முதல் பந்தயத்துக்கு முன் ஓட்டுநரின் உயிர்க்காப்புக்காகப் போதகர் ஒருவர் ஜெபம் சொல்வது கழகத்தின் வழக்கம். திடலில் இருந்த அத்தனை கைகளும் அந்தந்த இடத்தில் நின்றன. டெல்மர் ஸ்பேனரைத் தரையில் வைத்தான், தொப்பியைக் கழற்றினான், கண்ணை மூடினான். வெர்லினைக் காத்தருள வேண்டும் என்று உள்ளம் உருகவே வேண்டினான். ஆமென் சொன்னான். கண் திறந்தவன் குனிந்து, சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்தான்.

'டிக்' என்ற அந்த ஒலியை நினைவின் எல்லா அறைகளிலும் தேடினான். அந்தக் காலையின் மற்ற போல்ட்டுகள் ஒவ்வொன்றுக்கும் அது கேட்டது. இதற்கு மட்டும் கேட்கவில்லை.

அதன்பின் ஏழு நாள் அந்தப் போல்ட் அவன் சட்டைப்பையில் கிடந்தது. வேலைக்குப் போனான், தொட்டி பற்றவைத்தான். உணவுக்கு முன் சொல்லும் சிறு ஜெபத்தைத் தொடங்குவான். பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜெபத்துக்காக ஸ்பேனரைக் கீழே வைத்ததால் வந்த கேட்டை எந்த ஜெபத்தால் தீர்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள், அதுவும் ஒரு வியாழன், வெர்லினின் வீட்டுக்குப் போனான்.

வெர்லின் சன்னலோரச் சாய்வு நாற்காலியில் கட்டுப்போட்ட காலை நீட்டிக் கிடந்தான். வெளியே அவனுடைய பசுக்களை அண்டை வீட்டார் கறவைக்கு ஓட்டிக்கொண்டிருந்தனர். தோழனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்னடா, சாவு வீட்டுக்கு வர்றவன் மாதிரி வர்ற. காலுதான் போச்சு. அதுவும் முழுசாப் போகல."

டெல்மர் போல்ட்டை எடுத்து அவன் பக்கத்து மேசைமேல் வைத்தான். வெர்லின் அதைப் பார்த்தான். எடுத்து ஒளியில் பிடித்து, மரையில் நகத்தை ஓட்டினான். நுனியைத் திருப்பிப் பார்த்தான். இருபது ஆண்டுக்கு மேல் அந்த வேலையில் ஊறியவனுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"எங்க கிடந்துச்சு?"

"அடித்தகட்டுக்குள்ள. நான் முறுக்கல, வெர்லின். கோடு மட்டும் போட்டுட்டேன்."

வசவு வரும், போல்ட் முகத்தில் வந்து விழும் என்றெல்லாம் அவன் எதிர்பார்த்திருந்தான். அவற்றுக்கு ஏங்கியே வந்திருந்தான். வெர்லின் எதுவும் செய்யவில்லை. அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், இதை வேறு யாரிடமாவது காட்டினாயா என்று கேட்டான். இல்லை என்றதும் போல்ட்டை டெல்மரின் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

"அப்ப இதோட இருக்கட்டும்."

டெல்மருக்கு விளங்கவில்லை. வெர்லின் விளக்கினான். சனிக்கிழமை விசாரணை. ரெனாட்டா தன் வாயாலேயே ஏற்றுக்கொண்டுவிட்டாள். ஓராண்டு ஓட்டக்கூடாது என்பார்கள், அவ்வளவுதானே. மாறாக, இந்தப் போல்ட் வெளியே வந்தால் கழக விதிப்படி டெல்மருக்கு ஒன்றும் நேராது; வண்டியைத் தொட்ட எவர் பிழைக்கும் ஓட்டுநரே பொறுப்பு. பெயர் கெடுவது வெர்லினுக்கு.

"அவ வண்டியை விக்கிறாடா," என்றான் டெல்மர்.

வெர்லின் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தான். பிறகு, யாரோ தன் வாயைப் பிடித்துத் திறப்பதுபோல் மெல்லச் சொன்னான்:

"ரெண்டு ரவுண்டு முன்னாடியே பின்பக்கம் இழுத்துச்சு. எனக்குத் தெரியும். உள்ள வந்திருக்கணும். மூணாவதா ஓடிட்டிருந்தேன், வரல. ஆஸ்பத்திரியில வந்து கேட்டாங்க. முதல்ல வாயில வந்தது அவ பேரு. வந்ததும் அதையே பிடிச்சுக்கிட்டேன்."

 டெல்மர் போல்ட்டை எடுத்துப் பையில் இட்டான். தன் பிழையை மட்டும் தான் சொல்லப் போவதாகவும், வெர்லினுடையதை வெர்லின்தான் சொல்ல வேண்டும் என்றும் கூறினான்.

"நீ உன்னுதைச் சொன்னா என்னுதும் பின்னாடியே வரும்."

"வராது. நான் கொண்டுவர மாட்டேன்."

"அப்படின்னா இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே, டெல்மர்."

பள்ளி வாங்கில் தொடங்கியது அந்தச் சொல்லோடு நின்றது. டெல்மர் எழுந்து வாசலுக்கு வந்தான்.

வாசலில் வெர்லினின் மனைவி ஆர்டிஸ் நின்றிருந்தாள். எதிரே, இரு கைகளாலும் ஒரு பீங்கான் பாத்திரத்தைத் துணியோடு ஏந்தி, ரெனாட்டா. இறைச்சியும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வேகவைத்த அடுப்புணவு. துன்பம் வந்த வீட்டுக்கு அதைக் கொண்டு போவது அந்நாட்டார் பழக்கம். விபத்து நடந்த நாள்முதல் ஒவ்வொரு வியாழனும் அவள் கொண்டு வந்தாள். வாசலில் தந்துவிட்டு, உள்ளே வரலாமா என்று கேளாமலே போவாள். வெர்லினும் ஒருமுறைகூட அழைத்ததில்லை.

"சாப்பிடுறாரா?" என்று கேட்டாள் ரெனாட்டா.

"சாப்பிடாம என்ன? ஒடிஞ்சது காலு. வாய் நல்லாத்தான் இருக்கு," என்று ஆர்டிஸ் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ரெனாட்டா டெல்மரைப் பார்த்தாள். அவள் கண்களின் கீழ்க் கருமை படிந்திருந்தது. பிரசவம் பார்க்கப் போன இடத்தில் கன்றின் காலைப் பிடித்து இழுக்கும்போதுகூடத் தன் கைகளை நம்ப முடியவில்லை என்றாள். மீட்டரைப் பார்த்தது இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனாலும் பார்த்தது உண்மை என்றாள். டெல்மரின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. விரல் நுனிக்குப் போல்ட் குளிர்ந்தது. வாய் திறந்தான். திறந்த கதவுக்கு அப்பால் வெர்லினின் இருமல் கேட்டது. சொல் உள்ளேயே மடிந்தது.

"சனிக்கிழமை வந்துடுங்க," என்றான்.

"வராம? விசாரணையே எனக்குத்தானே," என்று அவள் சிரிக்க முயன்றாள்.

அந்தக் கோழைத்தனத்தை டெல்மர் பின்னாளில் தன் முதற்பிழையைக் காட்டிலும் பெரிதாக எண்ணினான். முதலது அறியாமல் செய்தது.

சனிக்கிழமை காலை ஸ்டோன் க்ரீக் வெறிச்சோடிக் கிடந்தது. பந்தய நாளில் வண்டிகளைச் சோதிக்கும் தகரக் கொட்டகையில் ஒரு நீண்ட மேசை, அதன்பின் மூவர். தலைவர் ஹோலிஸ் மாரோ, பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்; சொல்லை அளந்து பேசுபவர். வெர்லின் ஊன்றுகோல்களோடு ஆர்டிஸின் தோள்பற்றி வந்து அமர்ந்தான். டெல்மரின் பக்கம் திரும்பவில்லை.

ஹோலிஸ் இரு வாக்குமூலங்களையும் படித்தார். தகரத்தின்மேல் மழைத்தூறல் விழும் ஓசை சொற்களுக்கு இடையே கேட்டது. எழுதியதில் மாற்றம் உண்டா என்று ரெனாட்டாவைக் கேட்டார். இல்லை என்றாள். வேறு எவரேனும் சொல்ல வேண்டியது உண்டா என்று, முறைக்காக, கேட்டார்.

டெல்மர் எழுந்தான். மேசைவரை நடந்து, போல்ட்டை வைத்தான்.

"இந்த வண்டிக்குப் போல்ட் முறுக்குறது நான். இதை நான் முறுக்கல."

அது எங்கே கிடைத்தது, துளைகள் எந்நிலையில் உள்ளன என்றெல்லாம் ஹோலிஸ் கேட்டார். டெல்மர் சொன்னான். உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு மூவரும் போல்ட்டை ஒருவர்பின் ஒருவராக நோக்கினர். இறுதியில் ஹோலிஸ், மற்ற எல்லாவற்றையும் முறுக்கிய நீங்கள் இதை மட்டும் எப்படி விட்டீர்கள் என்று கேட்டார். அதில் குற்றச்சாட்டு இல்லை. அறியும் விருப்பம் மட்டுமே இருந்தது.

"ஜெபம் ஆரம்பிச்சாங்க," என்றான் டெல்மர். "ஸ்பேனரைக் கீழ வச்சேன். ஆமென் சொல்லிட்டு எடுத்தது பேனாவை."

 அங்கிருந்த ஒவ்வொருவரும் அந்தக் காலையில் எதையோ கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றவர்கள். தாம் கீழே வைத்ததைத் திரும்ப எடுத்தோமா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சுக்குள் தேடுவது முகங்களில் தெரிந்தது.

ஹோலிஸ் வெர்லினை நோக்கினார். மோதலுக்கு முன் வண்டியில் ஏதேனும் மாறுதல் தெரிந்ததா என்று கேட்டார். டெல்மர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஞாபகம் இல்லை," என்றான் வெர்லின்.

தீர்ப்பு அரைமணியில் வந்தது. ரெனாட்டா ஃப்ளூகர்மேல் பிழை இல்லை. அவள் பெயருக்கு எதிராக எழுதப்பட்டது நீக்கப்படும். விதிப்படி வெர்லின் ஓராண்டு ஓட்டக் கூடாது. டெல்மரைத் தண்டிக்கக் கழகத்தில் விதி இல்லை என்று சொல்லி, ஹோலிஸ் போல்ட்டை அவனிடமே திருப்பித் தந்தார்.

வெளியே, தூறலில், ரெனாட்டா தன் காரின் கதவைப் பற்றியவாறு நின்றிருந்தாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ஒன்பது நாளா."

"ஒன்பது நாள்," என்றாள். "வியாழக்கிழமை என் எதிர்ல நின்னீங்களே, டெல்மர்."

அவன் மறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் துணியவில்லை. அவள் காருக்குள் ஏறி அமர்ந்தாள்; கதவைச் சாத்தவில்லை. பிறகு தன் இரு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே, குரல் உடைய, ஒன்றே கேட்டாள்:

"அப்ப நான் கையை அசைக்கல?"

"அசைக்கல."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். டெல்மர் மழையில் நனைந்தபடி, போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் நின்றான்.

வெர்லினும் ஆர்டிஸும் வந்த கார் அதற்குள் சாலையேறிப் போய்விட்டிருந்தது. வழியில் நடந்ததை ஆர்டிஸ் பின்னாளில் டெல்மரிடம் சொன்னாள்.  பத்து மைல் போனதும் ஒன்றே சொன்னாளாம்: "முப்பத்தோரு வருஷமாப் பார்க்கிறேன். பொய் சொன்னா உனக்கு ஒரு காது சிவக்கும். இன்னைக்கு ரெண்டும்."  வீடு வந்து சேர்ந்தும் வெர்லின் ஊன்றுகோல்களை எடுக்காமல் காரிலேயே அமர்ந்திருந்தான். பிறகு, ரெனாட்டாவை நாளைக்குக் கோயிலுக்கு வரச்சொல்ல முடியுமா என்று கேட்டானாம். அவள் கத்தோலிக்கப் பெண் ஆயிற்றே, லூத்தரன் கோயிலுக்கு எப்படி வருவாள் என்றாள் ஆர்டிஸ். கேட்டுப் பார் என்றானாம்.

ஞாயிறு காலை வானம் வெளுத்திருந்தது. மழையில் கழுவப்பட்ட சோளக்கொல்லைகளின் நடுவே அந்த வெள்ளை மரக்கோயில் தனித்து நின்றது. டெல்மர் தான் வழக்கமாக அமரும் வரிசையை, வெர்லினின் குடும்பத்துக்குப் பக்கத்து இடத்தை, விட்டுவிட்டுப் பின்னால் போய் அமர்ந்தான். கதவோரக் கடைசி இருக்கையில் ரெனாட்டா இருப்பதைக் கண்டான். ஏன் என்று அறியான்.

பாவ அறிக்கை முடிந்தது. போதகர் சோல்வெக் கைகளை விரித்து, ஒருவருக்கொருவர் சமாதானம் கூறுங்கள் என்றார். மக்கள் எழுந்து, பக்கத்திலிருப்போர் கைகளைப் பற்றி, அச்சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தனர். அப்போது முன்வரிசையிலிருந்து ஊன்றுகோல்களின் ஓசை கிளம்பியது. வெர்லின் நடுவழியே வந்துகொண்டிருந்தான். நீட்டப்பட்ட கைகளைப் பற்றாமல், வழியில் எவரையும் பாராமல், கோயிலின் முழு நீளத்தையும் கடந்து, கடைசி இருக்கையின் முன் வந்து நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. சுற்றியிருந்த பேச்சு தானே அடங்கிற்று.

"ரெண்டு ரவுண்டு முன்னாடியே வண்டி இழுத்துச்சு, ரெனாட்டா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டினேன். தெரிஞ்சுதான் உன் பேரைச் சொன்னேன். நேத்தும் ஞாபகம் இல்லைன்னு சொன்னது பொய்."

ரெனாட்டா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமும் இளைப்பும் அவள் முகத்தில் மாறி மாறி வந்து போயின. அந்தக் கோயிலின் எல்லாக் காதுகளும் அவள் பதிலுக்குக் காத்திருந்தன.

"நாலு வியாழன் என் சாப்பாட்டைத் தின்னீங்க," என்றாள்.

"தின்னேன்."

"பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் குடுங்க. அப்புறம், அடுத்த கோடையில வேலி ஓரமா வந்து நில்லுங்க. நான் ஓட்டுறதை நல்லாத் தெரியுற இடமாப் பார்த்து நில்லுங்க."

அவள் கை நீண்டது. வெர்லின் ஒரு ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதைப் பற்றினான். பிறகு திரும்பினான். இரண்டு வரிசைக்கு முன்னே டெல்மர் நின்றிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர்.  அந்த இடத்துக்கு உரிய சொல்லைத் தவிர வேறு சொல் அவனிடம் இல்லை.

"சமாதானம், டெல்மர்."

டெல்மரும் அதையே திரும்பச் சொன்னான்.

அப்பமும் திராட்சரசமும் வழங்கும் வேளை வந்தது. மக்கள் வரிசையாகப் போய்ப் பீடத்தின் முன் மரத் தடுப்பருகே முழங்காலிட்டனர். வெர்லினால் காலை மடக்க முடியாது, அவன் நின்றான். டெல்மர் அவன் பக்கத்தில் முழங்காலிட்டான். மெழுகிட்ட தரையில் ஊன்றுகோல் வழுக்கியது. வெர்லினின் கை கீழே வந்து டெல்மரின் தோளைப் பற்றியது, பற்றியபடியே அழுந்தி நின்றது. ஒரு பெரிய உடலின் முழுப் பாரம். டெல்மர் அசையவில்லை. அந்தப் பாரத்தின் கீழ் அவன் தலை தாழ்ந்தது, கைகள் குவிந்தன, பத்து இரவாகப் பாதியில் நின்று போன ஜெபம், ஒலி இல்லாமல், உதட்டசைவு மட்டுமாய், இறுதிவரை சென்று முடிந்தது.

அவர்களுக்கு அப்பால் ரெனாட்டா வந்து முழங்காலிட்டாள். அப்பம் பெறாதவர் ஆசி மட்டும் வேண்டி வருங்கால் செய்வதுபோல் இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்திருந்தாள். போதகர் சோல்வெக் இருவருக்கும் அப்பம் தந்து, அவள்முன் வந்து நின்றார். நடந்ததைக் கேட்டிருந்தவர் ஆதலால், ஒரு கணம் தாமதித்தார். பின், அவள் கூந்தலின்மேல் மெல்லக் கை வைத்தார். அவர் சொன்னது அவள் ஒருத்திக்காக. ஆயினும் அருகிருந்த இருவரும் கேட்கும் அளவுக்குச் சொன்னார்:

"பிறர் சுமையைச் சுமந்த தோளுக்கு ஆண்டவர் இளைப்பாறுதல் தருவாராக. உன் கைகளை உனக்குத் திரும்பத் தருவாராக. நீ போகும் வளைவுதோறும் உனக்கு முன்னே போவாராக; உன் பக்கத்தில் வருகிறவர்களையும் காப்பாராக. பனிக்காலம் கடந்து, மறுபடியும் பச்சை காணும் நாள் வரையில், அவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக."